வெப் ஹோஸ்டிங்: இப்போது வாங்கி அப்புறம் பணம் கட்டும் வழிகள்

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் அண்ணாச்சி ஒருவர் ஆவணி பிறந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். தீபாவளிக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட் வேண்டும் என்று முடிவு செய்து, வெப்சைட்டை வைக்க இடம் தரும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, பணம் கட்டும் இடம் வரை யாரையும் கேட்காமலேயே போய்விட்டார். அங்கே வந்து நின்றுவிட்டார்.

"தம்பி, மாசம் நூத்தி நாப்பத்தொம்பதுன்னு போட்டிருந்தான். கடைசியில எட்டாயிரத்து நானூறு கேக்கான். கீழ இஎம்ஐன்னும் இருக்கு, பே லேட்டர்னும் இருக்கு. எதை அமுக்கட்டும்?"

"இப்போதைக்கு எதையும் அமுக்காதீங்க அண்ணாச்சி. அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவர் அனுப்பிய பில்லை வைத்தே இதை எழுதுகிறேன். முதல் முறை ஹோஸ்டிங் வாங்குகிறவர்கள், கையில் மொத்தப் பணம் இல்லாதவர்கள், இருந்தும் அதைச் சரக்குக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பில்லைப் பிரித்துப் பாருங்கள்

அண்ணாச்சியின் திரையில் இருந்த கணக்கு இது. மாதம் ரூ.149 என்பது 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டுமே கிடைக்கும் விலை. 149 × 48 = ரூ.7,152. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,287. ஆக மொத்தம் ரூ.8,439. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், புதுப்பிக்கும்போது மாதம் ரூ.399 என்று இருந்தது. கால அளவைத் தேர்வு செய்யும் பெட்டியைத் திறந்தால் வேறு விலைகளும் வந்தன. ஒரு வருடம் என்றால் மாதம் ரூ.199, ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு ரூ.2,818. மாதாமாதம் கட்டுவதென்றால் ரூ.499, ஜிஎஸ்டியோடு ரூ.589.

விலைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் இந்த அமைப்பு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: நீண்ட காலத் திட்டம்தான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும், பெரிய எழுத்தில் மாத விலை இருக்கும், மொத்தத் தொகை கடைசிப் பக்கத்தில்தான் வரும். அந்த மொத்தத்தைப் பார்த்து மலைக்கும்போது பக்கத்திலேயே தவணை பட்டன் இருக்கிறது. அதனால் தவணையைப் பற்றி யோசிக்கும் முன், தொகையையே குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

பில்லில் மூன்று வகை இருக்கும். டொமைன், அதாவது உங்கள் தளத்தின் பெயர். ஹோஸ்டிங், அதாவது தளம் குடியிருக்கும் இடம். மற்றது எல்லாம் உபரி. உபரியில் டிக் போட்டிருப்பதை எல்லாம் எடுத்துவிடலாம். எஸ்எஸ்எல் சான்றிதழ், அதாவது தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டும் ஏற்பாடு, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் கம்பெனிகள் அதையே போட்டுக் கொடுக்கின்றன. தினசரி பேக்கப் மட்டும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குக் காசு கொடுக்கலாம்.

டொமைனைக் கடனில் வாங்காதீர்கள்

வேறு எதற்குத் தவணை போட்டாலும் டொமைனுக்கு முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டிவிடுங்கள். அண்ணாச்சி தேர்ந்தெடுத்த டொமைனுக்கு ஜிஎஸ்டி சேர்த்து ரூ.884 ஆனது. ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. ஹோஸ்டிங் நின்றுபோனால் வேறு இடத்தில் வாங்கி பேக்கப்பை ஏற்றிக்கொள்ளலாம். டொமைன் போனால் பெட்டியில் அச்சடித்த பெயர், விசிட்டிங் கார்டு, அந்தப் பெயரில் ஓடும் இமெயில் எல்லாம் சேர்ந்து போகும். டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால், பதிவு செய்த கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கும். அதற்கு அப்புறம் 30 நாள் மீட்புக் காலம். அதில் மீட்க வேண்டுமானால் புதுப்பிக்கும் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். பிறகு 5 நாளில் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிடும். முதலில் சொன்ன 45 நாளை எல்லாக் கம்பெனியும் முழுசாகத் தருவதில்லை. அதை நம்பி இருக்க வேண்டாம்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் செல் நம்பரில், உங்கள் இமெயிலில் பதிவாக வேண்டும். வெப்சைட் செய்து கொடுக்கும் பையனின் கணக்கில் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

வருடத் திட்டத்தோடு டொமைன் இலவசம் என்று சில இடங்களில் இருக்கும். எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இடையில் ரத்து செய்தால் டொமைன் விலையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்காமலேயே தள்ளிக் கட்டும் வழிகள்

மிகவும் எளிமையானது மாதக் கட்டணம். இதைத் தவணை என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தவணை இல்லை. வட்டி கிடையாது, கடன் ஒப்பந்தம் கிடையாது, சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றில், விசாரணை கிடையாது. வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த மாதம் கட்டாமல் நிறுத்திக்கொள்ளலாம், யாரும் துரத்த மாட்டார்கள். விலைதான் அதிகம். அண்ணாச்சியின் பில்லில் நாலு மாதம் கட்டினால் ரூ.2,355, ஐந்து மாதம் கட்டினால் ரூ.2,944. வருடத் திட்டமே ரூ.2,818தான். ஆக, நாலு மாதத்துக்கு மேல் தேவைப்படும் என்று உறுதியாகத் தெரிந்தால் வருடத் திட்டம் மலிவு. தெரியாவிட்டால் மாதக் கட்டணம். எல்லாக் கம்பெனியும் மாதக் கட்டணம் தருவதில்லை, தருகிற கம்பெனியும் அதைப் பட்டியலின் கடைசியில் வைத்திருக்கும். தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, பயன்படுத்திய பிறகு பில் வரும் கிளவுட் சேவைகள். டிஜிட்டல் ஓஷன், லினோட், அமேசானின் ஏடபிள்யூஎஸ் எல்லாம் இந்த வகை. மின்சாரக் கட்டணம் மாதிரி, ஓடிய நேரத்துக்குக் கணக்குப் போட்டு அடுத்த மாதத் தொடக்கத்தில் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான பின்கட்டணம் இதுதான். ஆனால் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கே இதைச் சொல்வேன். புதியவர்கள் இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். டிஜிட்டல் ஓஷனில் சர்வரை ஆஃப் செய்து வைத்தாலும் பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், முழுவதுமாக அழித்தால்தான் நிற்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும், அதாவது இணையத்தில் சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணுக்கும், மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும், மாதத்துக்கு 3.65 டாலர் ஆகிவிடும். பட்ஜெட் எச்சரிக்கை வைத்தாலும் அது மெயில் அனுப்புமே தவிர, தானாக எதையும் நிறுத்தாது. டாலரில் பில் வந்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும், அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கும்.

மூன்றாவது, நம் ஊர்ப் பக்கத்து ஆட்களிடம் பேசி வாங்குவது. சின்ன நகரங்களில் வெப்சைட் செய்து ஹோஸ்டிங்கும் சேர்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி இப்போது, மீதி தளம் ஓடத் தொடங்கிய பிறகு என்று அவர்களிடம் கேட்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வாய்ப்பேச்சாக விடாமல் இன்வாய்சில் தேதியோடு எழுதி வாங்குங்கள். தளத்தை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனலின் பாஸ்வேர்டு முதல் நாளே உங்கள் கைக்கு வர வேண்டும். அதைத் தர மாட்டேன் என்கிறவரிடம் எவ்வளவு நீண்ட தவணை கிடைத்தாலும் வேண்டாம்.

கிரெடிட் கார்டின் இலவச நாட்கள்

கார்டு வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. உங்கள் பில் தேதி மாதம் 5, கெடு தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 6 அன்று வாங்கினால் அது அக்டோபர் 5 பில்லில் வரும், அக்டோபர் 25 வரை கட்டலாம். 49 நாள் வட்டியில்லாமல் கிடைத்துவிட்டது. அதையே அக்டோபர் 4 அன்று வாங்கியிருந்தால் கெடு அதே அக்டோபர் 25தான், 21 நாள்தான் கிடைக்கும். பில் தேதிக்கு மறுநாள் வாங்குங்கள் என்பதுதான் இதன் சூட்சுமம்.

இரண்டு நிபந்தனைகள். போன மாதப் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். கெடு தேதியில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டி ஓடத் தொடங்கும். வருடத்துக்கு அது 42 சதவீதம். ஒரு நாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடவோ, சிபிலுக்குச் சொல்லவோ முடியும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது.

ரூபே கிரெடிட் கார்டு இருந்தால் அதை யுபிஐ செயலியில் சேர்த்து, ஹோஸ்டிங் கம்பெனியின் கியூஆரை ஸ்கேன் செய்தும் கட்டலாம். இலவச நாட்கள் அப்படியேதான். யுபிஐயில் இப்போது வங்கிகள் தரும் கிரெடிட் லைன், அதாவது முன்கூட்டியே ஒதுக்கி வைத்த கடன் வரம்பு, என்று இன்னொன்றும் காட்டும். அதில் எந்த நாளிலிருந்து வட்டி என்பது வங்கிக்கு வங்கி மாறும். அதைப் படிக்காமல் கார்டு மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இஎம்ஐ: இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்

அண்ணாச்சியின் ரூ.8,439ஐ ஆறு மாத இஎம்ஐயில் போட்டால் என்ன ஆகும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வட்டி வருடத்துக்கு 15 சதவீதம். மாதத் தவணை ரூ.1,469. ஆறு மாதத்தில் கட்டுவது ரூ.8,812, வட்டி மட்டும் ரூ.373. பெரிய தொகை இல்லையே என்றார்.

இதோடு முடிவதில்லை. கார்டு வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது ரூ.67. செயல்பாட்டுக் கட்டணம் (ப்ராசஸிங் ஃபீ) ரூ.199, அதன் மேல் ஜிஎஸ்டி சேர்த்து ரூ.235. ஆக மொத்தம் ரூ.675 கூடுதல். முதல் மாத பில்லில் ரூ.1,469 வரும் என்று எதிர்பார்த்தால் ரூ.1,723 வந்து நிற்கும், ஏனென்றால் செயல்பாட்டுக் கட்டணம் முழுவதும் முதல் மாதமே வந்துவிடும். நாம் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருவதால், இந்த ரூ.675ஐ உண்மையில் நம் கையில் இருந்த கடனோடு ஒப்பிட்டால் வருடத்துக்குச் சுமார் 27 சதவீதம் ஆகிறது. 15 சதவீதம் என்று எழுதியிருந்தது 27 ஆனது வட்டியால் அல்ல, பெரும்பாலும் அந்த நிலையான கட்டணத்தால். கடன் தொகை சின்னதாக இருந்தால் இந்தக் கட்டணம் இன்னும் பலமாக உறைக்கும். அதனால் ஐயாயிரத்துக்குக் கீழே உள்ள ஹோஸ்டிங் பில்லுக்கு இஎம்ஐ போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பல வங்கிகள் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்துக்குக் கீழே அனுமதிப்பதும் இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ என்று இருந்தால்? வங்கி வட்டியை வாங்கத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுப்பார், அவ்வளவுதான். வட்டியின் மேல் வரும் ஜிஎஸ்டியும் செயல்பாட்டுக் கட்டணமும் உங்கள் தலையில்தான். மேலே சொன்ன கணக்கில் அது சுமார் ரூ.302. வட்டி வாங்கிக்கொண்டு அதை மறைத்து நோ காஸ்ட் என்று காட்டக் கூடாது, அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் வாடிக்கையாளருக்குத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகள் சொல்கின்றன. பில்லில் அந்த மூன்று வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோ காஸ்ட் இஎம்ஐயைத் தேர்வு செய்ததும் கூப்பன் தள்ளுபடி காணாமல் போகிறதா? போனால், அந்தக் கூப்பன்தான் வட்டியாக மாறியிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இஎம்ஐ சரியாக இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் பில்லில் முதல் வருடம் ரூ.199, அடுத்த மூன்று வருடம் ரூ.399 என்று அதே கம்பெனியில் இருந்தால் நாலு வருடத்துக்கு ஜிஎஸ்டி இல்லாமலேயே ரூ.16,752 ஆகும். மொத்தமாக எடுத்தால் ரூ.7,152. இஎம்ஐக்கு ரூ.675 கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம் அதில்தான். தளம் ஏற்கெனவே ஓடுகிறது, ஆர்டர் வருகிறது, அந்தக் கம்பெனியின் சேவை ஒரு வருடமாகப் பழகிப் பிடித்திருக்கிறது என்றால் நீண்ட திட்டத்தை இஎம்ஐயில் எடுங்கள். இன்னும் பிறக்காத தளத்துக்கு நாலு வருட வாடகையைக் கடன் வாங்கிக் கட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ரத்து செய்தால் கடன் தானாகப் போகாது

இது எனக்கே நடந்தது. ஒரு வாடிக்கையாளருக்காக என் கார்டில் ஆறு மாத இஎம்ஐ போட்டு ஹோஸ்டிங் வாங்கினேன். தளம் ரொம்ப மெதுவாக இருந்ததால் 12ஆம் நாள் ரத்து செய்தோம். கம்பெனி முப்பது நாள் உத்தரவாதப்படி முழுப் பணத்தையும் கார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது பில்லைப் பார்த்தபோதுதான் தவணை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. திரும்பி வந்த பணம் கார்டில் ஒரு பக்கம் வரவாக நிற்கிறது, கடன் இன்னொரு பக்கம் அப்படியே இருக்கிறது. வங்கிக்குப் போன் செய்து, முன்கூட்டியே முடிப்பதற்கு மீதி அசலில் 3 சதவீதம் கட்டணமும், அதுவரை ஏறிய வட்டியும் கட்டித்தான் மூடினேன். செயல்பாட்டுக் கட்டணமும் திரும்பி வரவில்லை.

ஹோஸ்டிங் கம்பெனி ஒரு ஆள், கடன் கொடுத்தவர் வேறு ஆள். தளம் முடங்கினாலும், கம்பெனி சேவையை நிறுத்தினாலும் தவணை நிற்காது. அதனால் ரத்து செய்யும் அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். கம்பெனியிடமிருந்து ரீஃபண்ட் அனுப்பியதற்கான மெயிலையும் அதில் உள்ள குறிப்பு எண்ணையும் வாங்குங்கள். கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டு இஎம்ஐயை ரத்து செய்யச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். அடுத்த இரண்டு பில்லையும் வரிவரியாகப் பாருங்கள். பல வங்கிகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் சொன்னால் கட்டணமில்லாமல் ரத்து செய்துகொடுக்கிறார்கள், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

பே லேட்டர் செயலிகள்

கார்டு இல்லாதவர்களுக்கு இந்த பட்டன்தான் கண்ணில் படும். செல் நம்பர், பான், ஆதார் கொடுத்தால் சில நிமிடத்தில் கடன் வரம்பு காட்டும். பதினைந்து நாளிலோ மாதக் கடைசியிலோ கட்ட வேண்டியதாக இருக்கும், அல்லது மூன்று தவணையாகப் பிரித்துத் தரும். கெடுவுக்குள் கட்டினால் பெரும்பாலும் வட்டி இல்லை. இதுவும் கடன்தான், சிபிலில் பதிவாகும். இருநூறு ரூபாய் பாக்கியை மறந்ததற்காக வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது பதில் சொல்ல வேண்டி வரலாம்.

டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் கொண்டுவந்து, 2025 மே மாதம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அதன்படி உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. கடனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும், அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்திர விகிதம் இருக்க வேண்டும். மேலே நான் போட்ட 27 சதவீதக் கணக்கை நீங்களே போட வேண்டியதில்லை, அந்தத் தாளில் பார்த்துக்கொள்ளலாம். மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம், அபராதம் கிடையாது. செயலிக்குப் பின்னால் கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) என்று பெயர் காட்ட வேண்டும். 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் தளத்தில் கடன் செயலிகளின் பட்டியலையும் வைத்திருக்கிறது. அதில் இல்லாத செயலியை இன்ஸ்டால் செய்யாதீர்கள். போட்டோ, கான்டாக்ட் லிஸ்ட் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கிற செயலியை அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள்.

பே லேட்டர் செயலியே மூடப்படலாம். ஜெஸ்ட்மனி என்ற பெரிய பெயர் 2023 கடைசியில் தன் தொழிலை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. அப்படி நடந்தாலும் பாக்கித் தவணை போகாது, ஏனென்றால் கடன் கொடுத்தது பின்னால் இருந்த வங்கிகளும் என்பிஎஃப்சிகளும். அதனால்தான் அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

புகார் இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். ஹோஸ்டிங் கம்பெனி மேல்தான் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்காவில் பேபால் ஆறு வாரத்தில் நாலு தவணையாகப் பிரித்துத் தருகிறது, இலங்கையில் கோகோ, மின்ட்பே இரண்டும் மூன்று தவணை முறைதான். அந்த பட்டன் ஹோஸ்டிங் கம்பெனியின் பக்கத்தில் இருக்கிறதா என்பதைத் தொகை கட்டும் இடத்தில்தான் பார்க்க முடியும்.

ஆட்டோபே

மாதக் கட்டணமோ வருடக் கட்டணமோ, தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்பார்கள். இந்தியாவில் 2021 அக்டோபர் முதல் இதற்கு விதி உண்டு. எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வர வேண்டும், ரூ.15,000க்கு மேல் என்றால் ஓடிபி போட்டால்தான் பணம் போகும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் இதே காரணத்தால், ஆட்டோபே போட்டாச்சு என்று நிம்மதியாக இருந்தவர்களின் தளம் நின்றிருக்கிறது. புதுப்பிக்கும் தொகை ரூ.18,000 ஆக இருந்தால் தானாகப் போகாது. வெளிநாட்டுக் கம்பெனி சிலவற்றில் இந்திய கார்டில் தானாக எடுக்கும் வசதியே வேலை செய்யாது.

ஆகவே ஆட்டோபேயை நம்புவதோடு நிறுத்தாமல், புதுப்பிக்கும் தேதிக்கு 30 நாள், 7 நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். யுபிஐ ஆட்டோபே என்றால் செயலிக்குள் மேன்டேட் பகுதியில், அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள் இருக்கும் இடத்தில், அதிகபட்சத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். மாதம் ரூ.589க்கு ரூ.15,000 வரை அனுமதி கேட்டால் எதற்கு என்று யோசிக்க வேண்டும். கம்பெனியின் டாஷ்போர்டில், அதாவது அங்கே உள்ள உங்கள் கணக்குப் பக்கத்தில், ரத்து செய்தால் மட்டும் போதாது, மேன்டேட்டையும் ரத்து செய்யுங்கள்.

கட்ட முடியாமல் போனால்

முதலில் தளத்தை முடக்குவார்கள். அதாவது கோப்புகள் இருக்கும், பார்க்க வருகிறவருக்குத்தான் தெரியாது. குறிப்பிட்ட நாட்கள் கழித்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். எத்தனை நாள் என்பது ஒவ்வொரு கம்பெனியின் ஒப்பந்தத்திலும் இருக்கும், வாங்கும் முன்னாலேயே அதைத் தேடிப் படித்துவிடுங்கள். முடக்கிய பிறகு பேக்கப் எடுக்க விடுவார்களா என்பது நிச்சயமில்லை. மாதம் ஒரு முறை முழு பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டால் இந்தப் பயம் பாதி குறையும். கெடுவுக்கு முன்பே கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு ஒரு டிக்கெட் (கோரிக்கை) போட்டு, பத்து நாள் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட பல தடவை கொடுத்திருக்கிறார்கள். கெடு முடிந்து கேட்டால் அவ்வளவு இணக்கமாகப் பேசுவதில்லை.

பணம் கட்டும் நாள்

கால அளவை மாற்றி மாற்றி மூன்று மொத்தத் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். உபரி டிக்குகளை எடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில் பெயருக்குக் கீழே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள், அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. டொமைனைத் தனியாக, முழுப் பணத்தில் வாங்குங்கள். பிறகு ஹோஸ்டிங்குக்கு வாருங்கள். கட்டிய பிறகு இன்வாய்ஸ், ரீஃபண்ட் விதி, புதுப்பிக்கும் விலை இருக்கும் பக்கம் மூன்றையும் சேமித்து வையுங்கள். அந்தப் பக்கம் அடுத்த வருடம் வேறு மாதிரி இருக்கும்.

அண்ணாச்சி அன்று டொமைனை யுபிஐயில் ரூ.884க்கு வாங்கினார், அவர் பெயரிலேயே. ஹோஸ்டிங் மாதக் கட்டணத்தில். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மூன்று மாதத்துக்கு ரூ.1,767 ஆனது. எட்டாயிரத்தில் மீந்ததை வெல்லத்துக்கும் கடலைக்கும் போட்டார். தீபாவளி ஆர்டர் முடிந்து கணக்குப் பார்த்தபோது தளம் தேவைதான் என்று அவருக்கே தெரிந்தது. அடுத்த மாதக் கட்டணம் எடுக்கப் போகும் தேதிக்கு நாலு நாள் முன்னால் டாஷ்போர்டில் திட்டத்தை ஒரு வருடத்துக்கு மாற்றிக்கொண்டார். மகனின் கிரெடிட் கார்டில், பில் தேதிக்கு மறுநாள். பழைய மாத மேன்டேட்டை ரத்து செய்தாச்சா என்று கேட்டேன். "நேத்தே பண்ணிட்டேன்" என்றார்.